தவிர்த்த நஷ்டத்தை எந்தப் பக்கம் எழுதுவது? ஹோகா என்ற இழுவைப்படகின் கதை

பேர்ல் ஹார்பர் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? கரும்புகை கக்கி எரிகிற அரிசோனா. குப்புறக் கவிழ்ந்து கிடக்கிற ஓக்லஹோமா. 2001இல் வந்த ஹாலிவுட் படத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டு விமானிகளும் ஒரு நர்ஸும்! அன்றைக்கு அந்தத் துறைமுகத்தில் இருந்த ஒரு இழுவைப்படகின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். "இழுவைப்படகா? அதுக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இழுவைப்படகு எதற்கு என்று பார்த்துவிடலாம். நடுக்கடலில் ராஜாவாக நிமிர்ந்து போகிற போர்க்கப்பல், துறைமுகத்துக்குள் வந்ததும் திருமண மண்டபத்துக்குள் நுழைந்த யானை மாதிரி ஆகிவிடும். சுக்கான் சொன்னபடி கேட்க வேண்டுமானால் கப்பல் ஓரளவு வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் துறைமுகத்துக்குள் போனால் எதிலாவது மோதும். மெதுவாகப் போனால் சுக்கான் பேச்சைக் கேட்காது. இந்தச் சிக்கலுக்குத்தான் இழுவைப்படகு. சின்ன உடம்பு, அதற்குப் பொருத்தமே இல்லாத பெரிய எஞ்சின். மூக்கில் தடிமனான மெத்தை. பெரிய கப்பலின் விலாவில் மூக்கை வைத்து முட்டும், கயிறு கட்டி இழுக்கும், கரையில் கொண்டுபோய் ஒட்டவைக்கும். தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் பம்புகளும் உண்டு.

தேர் ஓடுகிறபோது எல்லோரும் சாமியைப் பார்ப்பார்கள், அலங்காரத்தைப் பார்ப்பார்கள். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிற ஆளை யாராவது பார்க்கிறார்களா? அவர் ஒரு நொடி தவறினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். துறைமுகத்தில் இழுவைப்படகின் வேலை அதுதான்.

இனி கதாநாயகனுக்கு வருவோம்.

ஒய்.டி. 146

நியூயார்க்கின் மாரிஸ் ஹைட்ஸில் இருந்த கன்சாலிடேட்டட் கப்பல் கட்டும் தளத்தில் 1940 டிசம்பர் 31 அன்று இது தண்ணீரில் இறங்கியது. 1941 மே மாதம் சேவையில் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 100 அடி, எடை சுமார் 325 டன். டீசல் எஞ்சினால் மின்சாரம் எடுத்து, மின்சார மோட்டாரால் ஓடுகிற வகை. பெயர் ஹோகா. அமெரிக்கப் பழங்குடிகளான சூ மக்களின் மொழியில் மீன் என்று பொருள். பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக் பக்கம் வந்து ஹவாயில் வேலைக்குச் சேர்ந்தது.

இங்கேயே ஒரு பாரபட்சத்தைக் கவனியுங்கள். அமெரிக்கக் கடற்படையில் முறைப்படி 'கமிஷன்' செய்யப்பட்ட கப்பலுக்குத்தான் பெயருக்கு முன்னால் 'யுஎஸ்எஸ்' என்ற மரியாதை. (தரகர் வாங்குகிற கமிஷன் இல்லை!) துறைமுகத்துக்குள் உழைக்கிற இழுவைப்படகுகளை அப்படிக் கமிஷன் செய்வதில்லை, 'சேவையில் சேர்க்கப்பட்டது' என்று மட்டும் எழுதிக்கொள்வார்கள். அதாவது நிரந்தர ஊழியர் ஒரு பக்கம், தினக்கூலி இன்னொரு பக்கம். பலரும் இன்று பாசத்தில் 'யுஎஸ்எஸ் ஹோகா' என்று எழுதுகிறார்கள். விதிப்படி பார்த்தால் அது தப்பு! போருக்கு நடுவில் நின்ற படகுக்கு அந்த மூன்று எழுத்து கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

1941 டிசம்பர் 7. காலை 8 மணி ஆவதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஜப்பானிய விமானங்கள் வந்தன. இரண்டு அலைகளாக மொத்தம் 350க்கும் மேல். அன்று உயிரிழந்த அமெரிக்கர்கள் 2,403 பேர். அதில் 1,177 பேர் அரிசோனாவில் மட்டும்.

ஹோகாவின் பொறுப்பில் இருந்தவர் ஜோ மக்மேனஸ். அட்மிரல் இல்லை, கேப்டன் இல்லை, அகாடமியில் படித்து வந்த அதிகாரிகூட இல்லை. தலைமை போசன், அவ்வளவுதான். கயிறு, நங்கூரம், மேல்தள வேலை என்று கீழிருந்து ஏறி வந்த ஆள். படகில் இருந்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு கூட்டம். தாக்குதல் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இந்தப் படகு கரையை விட்டுக் கிளம்பிவிட்டது. மேலே குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. இவர்களிடம் திருப்பிச் சுடப் பீரங்கி கிடையாது. இருந்தது கயிறும் தண்ணீர்க் குழாயும்.

முதலில் தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கினார்கள். அடுத்தது வெஸ்டல். இது ஒரு பழுதுபார்க்கும் கப்பல், அரிசோனாவோடு ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது. அரிசோனாவின் வெடிமருந்து அறை வெடித்ததில் வெஸ்டலின் கேப்டன் கேசின் யங் கடலுக்குள் தூக்கி எறியப்பட்டார். மனுஷன் நீந்தித் திரும்பி வந்து கப்பலேறி, கப்பலைக் கைவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தக் கப்பலுக்குக் கயிறு போட்டு எரிகிற அரிசோனாவின் பக்கத்திலிருந்து இழுத்து விலக்கியது ஹோகா. யங்குக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான 'மெடல் ஆஃப் ஆனர்' கிடைத்தது. கொடுத்தது நியாயம்தான், யாரும் மறுக்கவில்லை. கயிறு போட்டவர்களின் கணக்கைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்து வந்ததுதான் அன்றைய பெரிய காட்சி, நெவாடா.

போர்க்கப்பல்களில் அன்று நகர முடிந்தது நெவாடா ஒன்றுக்கு மட்டும்தான். சாதாரண நாளில் பல இழுவைப்படகுகள் சேர்ந்து அதைக் கிளப்பும். அன்று ஒரு படகின் உதவியும் இல்லாமல், கேப்டனும் கப்பலில் இல்லாமல், இருந்த ஆட்களே துணிந்து கிளப்பினார்கள். அசாத்தியமான காரியம். ஆனால் எரியும் துறைமுகத்தின் நடுவே நகர்கிற ஒரே பெரிய இலக்கு அது. இரண்டாம் அலை விமானங்கள் கழுகு மாதிரி அதன்மேல் இறங்கின. குண்டுக்கு மேல் குண்டு.

பேர்ல் ஹார்பருக்குள் வரவும் போகவும் ஒரே ஒரு குறுகலான கால்வாய்தான். கப்பல் அதில் போய் மூழ்கிவிட்டால் பாட்டில் வாயில் தக்கை செருகிய மாதிரி. உள்ளே இருப்பது வெளியே வராது, வெளியே இருப்பது உள்ளே வராது. அதனால் நெவாடா ஹாஸ்பிடல் பாயிண்ட் என்ற இடத்தில் வேண்டுமென்றே தரைதட்ட வைக்கப்பட்டது.

பெரும்பாலான கதைகள் 'தரைதட்டியது' என்ற சொல்லோடு நெவாடாவை விட்டுவிட்டு அடுத்த பக்கம் திரும்பிவிடும். ஆனால் ஆபத்து அங்கே முடியவில்லை. கப்பலின் முன்பாதி எரிந்துகொண்டிருந்தது, ஓட்டைகள் வழியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, இடமும் கால்வாயை ஒட்டிய இடம். ஹோகா நெவாடாவின் முன்பக்க இடது விலாவில் போய் ஒட்டிக்கொண்டு தண்ணீரைப் பீய்ச்சியது. ஏவோசெட் என்ற இன்னொரு சிறு கலமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் அந்தப் பெரிய உடம்பை அங்கிருந்து நகர்த்தி, கால்வாயின் எதிர்ப்பக்கம் வைப்பியோ முனையில் பத்திரமாகத் தரையில் உட்கார வைத்தார்கள். நெவாடாவின் எடை முதலில் கட்டியபோதே சுமார் 27,500 டன். ஹோகா 325 டன். வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் ஹோகா கரைக்குப் போகவில்லை. போர்க்கப்பல் வரிசைக்குத் திரும்பி ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று தீயோடு மல்லுக்கட்டியது. அரிசோனா இரண்டு நாளுக்கு மேல் எரிந்தது. உருகிய இரும்பு, எண்ணெய் மிதக்கிற தண்ணீர், உடல்கள். அந்தச் சூழலில் பம்பை நிறுத்தாமல் நின்றவர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு சிரமம் என்று தெரியும்.

கணக்குப் பாடம்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. கடையில் தீப்பிடித்து 10 லட்ச ரூபாய் சரக்கு எரிந்தால் கணக்கில் எப்படி வரும்? நஷ்டம் என்று வரும். காப்பீடு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று முழு விவரமும் பேரேட்டில் ஏறும். அதே கடையில் வாட்ச்மேன் பீடித் துண்டைப் பார்த்து, காலால் மிதித்து அணைத்துவிட்டால்? அவர் காப்பாற்றியதும் அதே 10 லட்சம்தான். ஆனால் எந்தப் பேரேட்டிலும் ஒரு வரிகூட ஏறாது. பற்றும் இல்லை, வரவும் இல்லை. அவருடைய சம்பளம் மட்டும் செலவுப் பக்கத்தில் இருக்கும்!

நடக்காத நஷ்டத்துக்கு இருப்புநிலைக் குறிப்பில் இடமே கிடையாது. வரலாறும் இதே கணக்குப்பிள்ளையின் மூளையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. மூழ்கிய கப்பலுக்கு நினைவுச்சின்னம். சுட்ட கப்பலுக்குப் பதக்கம். மூழ்காமல் பார்த்துக்கொண்ட படகுக்கு?

ஒரு பாராட்டுக் கடிதம். 1942 பிப்ரவரியில் அட்மிரல் நிமிட்ஸ் ஹோகாவின் பொறுப்பாளரையும் ஆட்களையும் பாராட்டி எழுதினார். நிமிட்ஸ் எழுதியது பெரிய விஷயம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நெவாடாவில் இருந்த இருவருக்கு மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. அவர்கள் இருந்த கப்பலை நகர்த்திக் கரை சேர்த்த படகில் ஒருவருக்கும் அது இல்லை. எட்வின் ஹில்லும் டொனால்ட் ராஸும் அந்தப் பதக்கத்துக்குத் தகுதியானவர்களா என்பது இங்கே கேள்வி அல்ல, சந்தேகமில்லாமல் தகுதியானவர்கள். ஹில் உயிரையே கொடுத்தார். கேள்வி, பதக்கப் பட்டியலை எழுதியவர்களின் கண் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதுதான். போர்க்கப்பலின் மேல்தளத்துக்குக் கீழே அது இறங்கவே இல்லை.

சரி, கால்வாய் அடைபடவில்லை என்பதற்கு என்ன மதிப்பு? மறுநாள் டிசம்பர் 8 மாலை, எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அதே கால்வாய் வழியாக உள்ளே வந்தது. இரவோடு இரவாக எண்ணெய் நிரப்பிக்கொண்டு விடியும் முன் வெளியே போய்விட்டது. வழி அடைபட்டிருந்தால் அது எங்கே போய் நிரப்பியிருக்கும்? ஆறு மாதம் கழித்து 1942 ஜூனில் மிட்வே போர். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு ஜப்பானிய விமானந்தாங்கிகளில் நான்கு அங்கே மூழ்கின. அதில் பெரும்பங்கு எண்டர்பிரைஸின் விமானங்களுக்கு.

ஹோகாதான் மிட்வேயை ஜெயித்தது என்று யாரும் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய்க்கணக்கு. அன்று கால்வாய் திறந்திருந்ததில் பலருக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்குதாரர் பட்டியலில் இந்தப் படகின் பெயர் ஏன் இல்லை என்பதுதான் வாதம்.

வழக்கமான மூன்று பதில்கள்

ஒன்று: "அது தன் வேலையைத்தானே செய்தது?" ஆமாம். பீரங்கி சுட்டவர் என்ன, பக்கத்து வீட்டுக்காரர் வேலையையா செய்தார்? போரில் பதக்கம் வாங்கிய எல்லோருமே குண்டுமழையில் தன் வேலையை விடாமல் செய்ததற்குத்தான் வாங்கினார்கள். இந்த அளவுகோலை இழுவைப்படகிடம் மட்டும் கொண்டுவருவது என்ன நியாயம்? அதோடு குண்டுவீச்சுக்கு நடுவில் 27,500 டன் கப்பலை நகர்த்துவது எந்தத் துறைமுகத்தின் தினசரி வேலைப் பட்டியலிலும் இல்லை.

இரண்டு: "நெவாடாவைத் தரைதட்ட வைத்தது அதன் மாலுமிகள், இழுவைப்படகு இல்லை." பாதி உண்மை. முதல் முடிவு அவர்களுடையது, அது புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் ஹாஸ்பிடல் பாயிண்டிலிருந்து எதிர்க்கரைக்கு அந்தக் கப்பல் தானாகவா நடந்து போனது? தீ தானாகவா அடங்கியது? 1942 பிப்ரவரியில் நெவாடா மீண்டும் மிதக்கவிடப்பட்டு, 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் யூட்டா கடற்கரைக்கு எதிரே நின்று சுட்டது. ஆழத்தில் மூழ்கிய கப்பலை எழுப்புவதும் ஆழமில்லாத இடத்தில் உட்கார வைத்த கப்பலை எழுப்புவதும் ஒன்றா?

மூன்று: "பழைய இரும்பையெல்லாம் காப்பாற்றக் காசு எங்கே?" இதுதான் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிற வாதம். அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவான பதில்.

அமெரிக்காவில் அருங்காட்சியகமாக நிற்கிற போர்க்கப்பல்கள் எத்தனை தெரியுமா? எட்டு. டெக்சாஸ், வட கரோலினா, அலபாமா, மாசசூசெட்ஸ், அயோவா, நியூ ஜெர்சி, மிசௌரி, விஸ்கான்சின். டெக்சாஸ் ஒன்றைப் பழுதுபார்க்க மட்டும் 2019இல் அந்த மாநிலம் 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. அது நல்ல காரியம். ஆக, காசு இருக்கிறது. யாருக்கு எடுத்துக் கொடுப்பது என்பதில்தான் பிரச்சினை.

ஹோகாவின் சகோதரி ஒன்று இருந்தது. பெயர் நோகோமிஸ், எண் ஒய்.டி. 142. அதுவும் அன்று பேர்ல் ஹார்பரில் இருந்த படகு. அந்த நாளின் இரண்டே சாட்சிகளாக இவை இரண்டும்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தன. நோகோமிஸைக் காப்பாற்றச் சில தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். காசு சேரவில்லை. 2010இல் கலிபோர்னியாவின் மேர் தீவில் உடைத்துப்போட்டார்கள். எட்டுப் போர்க்கப்பல்களுக்கு இடமிருந்த தேசத்தில் 100 அடிப் படகுக்கு இடமில்லாமல் போயிற்று.

மறதி எப்படி வேலை செய்கிறது?

அன்றைய படங்களில் மிகப் பிரபலமான ஒன்று, மிதக்கும் உலர்துறைக்குள் ஷா என்ற நாசகாரிக் கப்பல் வெடித்துச் சிதறுகிற படம். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த உலர்துறைக்குள் ஷாவோடு இன்னொன்றும் இருந்தது, சோட்டோயோமோ என்ற இழுவைப்படகு. உலர்துறையோடு சேர்ந்து அதுவும் மூழ்கியது. பிறகு தூக்கி, பழுதுபார்த்து, 1942லேயே மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். வெடிப்பு ஒன்றுதான், நஷ்டம் இருவருக்கும்தான். புகழ் மட்டும் ஒருவருக்கு!

இது அமெரிக்க வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் டர்னர் 1839இல் காட்சிக்கு வைத்த ஓவியம் ஒன்று உண்டு. ட்ரஃபால்கரில் சண்டையிட்ட டெமரெய்ர் கப்பலை உடைப்பதற்கு இழுத்துப் போகிற காட்சி. இன்று இங்கிலாந்தின் 20 பவுண்ட் நோட்டிலேயே அது இருக்கிறது. வெள்ளையாய்ப் பேய் மாதிரி மிதந்து வருகிற கிழக் கப்பலுக்கு முன்னால் கறுப்பாய்ப் புகை கக்குகிற ஒரு சின்ன இழுவைப்படகு. உண்மையில் அதை இழுத்தவை லண்டன், சாம்சன் என்ற இரண்டு படகுகள். ஓவியர் ஒன்றாக்கிவிட்டார். ஓவியத்தின் தலைப்பில் கப்பலின் பெயர் இருக்கிறது, படகின் பெயர் இல்லை. கலைஞருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, போகட்டும். வரலாறு எழுதுகிறவருக்கு உண்டா?

இரண்டாவது உத்தியோகம்

போர் முடிந்தது. இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

1948 ஜூலை 31. 1946இல் பிகினியில் இரண்டு அணுகுண்டுச் சோதனைக்கு இலக்காக நிறுத்தியும் மூழ்காத நெவாடாவை, ஹவாய்க்கு அப்பால் கடலில் நிறுத்தி, அமெரிக்கக் கடற்படையே பயிற்சி இலக்காக அடித்து மூழ்கடித்தது. (அதன் சிதைவு 2020இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 15,400 அடி ஆழத்தில்.)

1948 மே. நெவாடா மூழ்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, அதைக் காப்பாற்றிய ஹோகா கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்துக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. எதற்கு? தீயணைப்புப் படகாக! பேர்ல் ஹார்பரில் கற்ற வித்தை வீண்போகவில்லை. 'சிட்டி ஆஃப் ஓக்லண்ட்' என்ற பெயரில் 40 வருடத்துக்கும் மேல் அந்தத் துறைமுகத்தில் தீயணைத்தது.

அன்று தப்பிய மற்ற பெருந்தலைகள் என்ன ஆயின? டென்னசி, கலிபோர்னியா, மேரிலாண்ட், மேற்கு வர்ஜீனியா நான்கும் 1959இல் பழைய இரும்புக்கு விற்கப்பட்டன. பென்சில்வேனியா 1948இல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கீறல்கூட இல்லாமல் தப்பிய ஃபீனிக்ஸ் அர்ஜென்டினாவுக்கு விற்கப்பட்டு, ஜெனரல் பெல்கிரானோ என்ற பெயரில் 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. இவையெல்லாம் கடலடிக்கோ இரும்புக்கடைக்கோ போய்ச் சேர்ந்த பிறகும் ஹோகா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

தேய்மானப் பாடத்தில் இறுதி மதிப்பு என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆயுள் முடிந்த சொத்தை இரும்புக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்ற மதிப்பு. ஹோகாவின் இறுதி மதிப்பை 1948இல் எந்தக் கணக்காளராவது சரியாகச் சொல்லியிருக்க முடியுமா? அதற்கப்புறம்தானே அதன் பெரும்பகுதி வாழ்க்கையே!

1989இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அப்பாடா, ஒருவழியாக மரியாதை வந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 1994இல் கடற்படையிடம் திரும்பிய தேசியச் சின்னம், சூய்சன் விரிகுடாவில் ஓய்வுபெற்ற கப்பல்களோடு கப்பலாகக் கட்டிப்போடப்பட்டது. வருடக்கணக்கில் துரு. பட்டம் கொடுத்தார்கள், பெயின்ட் கொடுக்கவில்லை!

கடைசியில் கை நீட்டியது யார்? கடற்கரையே இல்லாத ஆர்கன்சா மாநிலம். நார்த் லிட்டில் ராக் ஊரில் ஆற்றங்கரையில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்கு 2005இல் ஹோகா கொடுக்கப்பட்டது. போய்ச் சேர்ந்தது 2015 நவம்பர் 23. காகிதத்தில் கைமாறி நிஜத்தில் போய்ச் சேரப் பத்து வருடம். பணம் சேர்க்க வேண்டும், உலர்துறையில் ஏற்ற வேண்டும், பனாமா வழியாகக் கொண்டுவந்து மிசிசிப்பி ஏற வேண்டும். 1941இல் தன் எஞ்சினில் கடந்த கால்வாயை 74 வருடம் கழித்து இன்னொருவர் இழுக்க எதிர்த்திசையில் கடந்தது. வாழ்நாள் முழுக்க இழுத்த படகை அன்று ஒருவர் இழுத்தார்.

அங்கே பக்கத்தில் ரேசர்பேக் என்ற நீர்மூழ்கி நிற்கிறது. 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்தபோது அங்கே இருந்த கப்பல் அது. போரின் முதல் நாளைப் பார்த்த படகும் கடைசி நாளைப் பார்த்த நீர்மூழ்கியும் ஒரே கரையில். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. ஆனால் அவர்களின் நல்ல மனசு மற்றவர்களின் மறதிக்கு மன்னிப்பு ஆகிவிடாது. பேர்ல் ஹார்பரில் அரிசோனாவின் மேல் நினைவகம் இருக்கிறது. எதிரே மிசௌரி நிற்கிறது. இத்தனைக்கும் மிசௌரி அன்று பேர்ல் ஹார்பரில் இல்லவே இல்லை, கட்டுமான நிலையில் நியூயார்க்கில் இருந்தது! உண்மையிலேயே அன்று அங்கே நின்று தீயணைத்த படகு மட்டும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஓர் ஆற்றில்.

அப்போ என்னதான் வேண்டும்?

போர்க்கப்பல்களை இறக்கிவிட்டு இழுவைப்படகை ஏற்று என்று யாரும் கேட்கவில்லை. அரிசோனாவில் இறந்த 1,177 பேரின் நினைவிடத்துக்கு இணையாக எதையும் வைக்க முடியாது. கேட்பது மூன்றே விஷயம்.

போரின் கதையைச் சொல்லும்போது 'இழுவைப்படகுகளின் உதவியுடன்' என்று இரண்டு சொல்லில் முடிக்காமல் அந்தப் படகின் பெயரைச் சொல்லுங்கள். அதில் இருந்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு சொத்துக்கு வரலாற்றுச் சின்னம் என்று பட்டம் கொடுத்தால், அதைப் பராமரிக்கிற பணத்தையும் அந்த ஆணையோடேயே ஒதுக்குங்கள். பணம் இல்லாத பட்டம் பணம் இல்லாத செக் மாதிரி, கையில் இருக்கும்வரை அழகாக இருக்கும்.

நாளைக்கு ஒரு துறைமுகம் எரிந்தாலும் முதலில் கிளம்பப்போவது பீரங்கி இல்லாத இப்படி ஒரு படகுதான். அதில் ஏறப்போகிறவர்களுக்கு, முன்பு ஏறியவர்களை நாடு எப்படி நடத்தியது என்று தெரிந்திருக்கும்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஹாஸ்பிடல் பாயிண்ட் அருகே நெவாடா எரிகிற அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை இணையத்தில் தேடி எடுங்கள். முதலில் கண்ணில் படுவது பீரங்கிக் கோபுரமும் கரும்புகையும்தான். கொஞ்சம் கீழே, முன்பக்க விலாவை ஒட்டிப் பாருங்கள். புகைக்கு நடுவில் ஒரு சின்னப் படகு முட்டிக்கொண்டு நிற்கும், அதிலிருந்து தண்ணீர் பாயும்.

அதுதான் ஹோகா.